எட்டாவது பெயர்

என் வீட்டுக்காரர் பீமாராவுக்கு உட்காரத் தெரியாது. முப்பத்திரண்டு வருஷம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக நின்றே சம்பாதித்த மனுஷன். ரிட்டயர் ஆனால் வீட்டில் காலை நீட்டுவார் என்று நினைத்தேனே, என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். ஊருக்கு வடக்கே இருக்கிற எங்கள் தெருவின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறேன் என்று கிளம்பிவிட்டார். காலையில் கோர்ட்டு ரெக்கார்டு ரூம், மதியம் சிம்மக்கல் ஜெராக்ஸ் கடை, சாயங்காலம் ஏதாவது ஒரு பெரிசு வீட்டு வாசலில் செல்போனை நீட்டிக்கொண்டு நிற்பது. பசுமலைப் பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை மேய்த்துவிட்டு வருகிற எனக்கு, அந்தப் பேச்சையெல்லாம் கேட்டு எழுதிக் கொடுக்கிற வேலை வேறு.

எங்கள் தெருவின் கதை ஊருணியில் தொடங்குகிறது. 1956இல் எங்கள் சனம் அதில் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று பண்ணையார் தடுத்து வைத்திருந்தார். எட்டுப் பேர் குடத்தோடு இறங்கினார்கள், அடி வாங்கினார்கள், ஜெயிலுக்குப் போனார்கள் என்பார்கள். படிப்பகத்துச் சுவரில் எட்டுப் பெயரையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். எட்டாவது பெயர் சோணைமுத்து, இவருடைய தாத்தா. அந்தப் பெயரைச் சொல்லித்தான் என்னைப் பெண் கேட்டே வந்தார்கள்.

போன ஆடியில் வழக்குக் கட்டின் நகல் கைக்கு வந்தது. அன்றிலிருந்து மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. தண்டனை பெற்றவர்கள் ஏழே பேர். பண்ணையார் பக்கத்துச் சாட்சி, காளை மகன் சோணைமுத்து. இவர்கள்தான் கல்லெறிந்து கலகம் செய்தார்கள் என்று சொல்லிக் கைநாட்டு வைத்திருக்கிறார்.

"நம்ம தாத்தாவா இருக்காது வாணி. தெருவுல காளை மகன் சோணைமுத்து ரெண்டு பேருல்ல?" என்றார்.

பொய்யில்லை. எங்கள் பக்கம் சோணை என்று கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த இன்னொரு சோணைமுத்து வழக்கு முடிந்த கையோடு மூணாறு தேயிலைத் தோட்டத்துக்குப் போய் அங்கேயே செத்தவர். பிள்ளை குட்டி கிடையாது. பழியை அவர் மேல் போட்டால் ஏனென்று கேட்க நாதியில்லை.

"ஆண்டிச்சாமி ஐயாவுக்குத் தெரியாததா? போயிக் கேளுங்க," என்றேன்.

ஆண்டிச்சாமிக்கு எண்பத்தாறு வயது. அந்த ஏழு பேரில் ஒருவரின் மகன். இப்போது டவுனில் மகள் வீட்டோடு இருக்கிறார். என் வீட்டுக்காரர் மூன்று தடவை போனார். மழையைக் கேட்டார், பண்ணைக் கூலியைக் கேட்டார், கேட்க வேண்டியதை மட்டும் கேட்காமல் திரும்பினார். வீட்டுக்கு வந்தால் அடுப்படிக்கும் வாசலுக்கும் குட்டி போட்ட பூனை மாதிரி நடை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலாம் தடவை நானும் கூடப் போனேன். கோரிப்பாளையம் சிக்னலில் பஸ் நின்றபோது, "இறங்கிருவமா?" என்கிறார். சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

பேச்சைப் பதிவு செய்யப் போனை நான் பிடித்துக்கொள்ள, ஒருவழியாகக் கேட்டார். "மாமா, அன்னைக்கிச் சாட்சி சொன்னது எந்தச் சோணைமுத்து?"

ஆண்டிச்சாமி இவர் முகத்தைப் பார்த்தார், போனைப் பார்த்தார். "மூணாத்துக்குப் போனானே, அவன்தான் மாப்ள."

இவருக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. நான் போனை அணைத்தேன். உடனே ஆண்டிச்சாமி இவர் பக்கம் குனிந்தார்.

"புஸ்தகத்துல அப்பிடியே போட்டுக்க. ஆனா ஒனக்குத் தெரியணும்ல? ஒந்தாத்தன்தான்."



"பண்ணைக்காரன் மெரட்டிச் சொல்ல வச்சுட்டான். எங்கப்பன் ஜெயில்ல இருந்து வந்த அன்னைக்கே தெருவக் கூட்டிட்டாரு. சோணையும் நம்மாளுதான், அவனையும் சேத்து எட்டுன்னே சொல்லுங்க, அவன ஒதுக்குனா தெரு ரெண்டாப் போகும், பண்ணைக்கு அதான வேணும்னாரு. அம்புட்டுப் பேரும் கட்டுப்பட்டாக. எங்கப்பன் போட்ட முடிச்ச நீ அவுக்காத மாப்ள."

இவர் அழுதார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் நான் பார்க்காத அழுகை. விட்டுவிடுங்கள், பழி மூணாறில் செத்தவர் மேலேயே கிடக்கட்டும் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

"இல்ல மாமா," என்றார் முகத்தைத் துடைத்துக்கொண்டு. "மூணாத்துல செத்த மனுசன் என்ன பாவம் பண்ணுனாரு? எந்தாத்தன் செஞ்சத மறைச்சா உங்கப்பா செஞ்சதும்ல மறைஞ்சுபோகும்? ஆறு மாசம் களி தின்னுட்டு வந்து, காட்டிக் குடுத்தவனையே சேத்துக்கிட்டாரே. அத நம்ம தெருப் புள்ளைக படிக்க வேணாமா?"

ஆண்டிச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "நான் எங்கப்பனுக்கு வாக்குக் குடுத்தவன். புஸ்தகத்துக்குன்னு என் வாயால வராது. நீயே சொல்லு," என்றார். என்னைப் பார்த்து, "ஆத்தா, போனப் போடு."

போட்டேன்.

"ஊருணி வழக்குல எங்க சனத்துக்கு எதிராச் சாட்சி சொன்னது எங்க தாத்தா. காளை மகன் சோணைமுத்து. ஜெயிலுக்குப் போனது ஏழு பேருதான்," என்றார் இவர்.

ஆண்டிச்சாமி என் கையோடு சேர்த்துப் போனைத் தன் பக்கம் இழுத்தார்.

"அவனோட சேத்து எட்டு," என்றார்.