இருவாச்சி இருந்த மரம்

மலாயாவில் கலும்பாங் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் சில்வெஸ்டர் மரம் வெட்டும் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலத்தில் தொழிலாளர்களின் லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். வேலிக்கு வெளியே எவனும் பதுங்க இடமிருக்கக் கூடாது, காட்டோரத்து மரங்களையெல்லாம் சாய்த்துவிடு என்று உத்தரவு வந்தது.

வெட்டு தொடங்குமுன் தோட்டத்துத் துரை சுற்றிப் பார்த்துவிட்டு, "எதையாவது விட வேண்டுமா?" என்று கேட்டார்.

சில்வெஸ்டர் சட்டென்று ஒரு டுரியான் மரத்தைக் காட்டினான். "நல்லா காய்க்கும் தொரை." துரை சிரித்தபடி தலையசைத்தார்.

அதற்கப்பால் நின்ற பெருமரத்தின் பொந்தில் ஓர் இருவாச்சிப் பேடு அடைந்திருப்பதும் அவனுக்குத் தெரியும். பொந்தின் வாயைப் பூசி அடைத்துக்கொண்டு அது உள்ளேயே கிடந்தது. சேவல் அத்திப்பழம் கொண்டுவந்து சின்னக் கீறல் வழியாக ஊட்டுவதை எத்தனையோ தடவை நின்று பார்த்திருக்கிறான். ஆனால் பறவைக்காகப் பரிந்து பேசினால், கம்யூனிஸ்டுகளுக்கு மறைவிடம் விட்டுவைக்கிறான் என்று நினைத்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டான்.

கோடரி எடுத்த அர்ஜுனன் அண்ணாந்து பார்த்துத் தயங்கினான். "மண்டோரே, உள்ள பொட்ட இருக்குதுங்க. குஞ்சு வெளிய வர்ற வரைக்கும் பொறுக்கலாங்களா?"

"பாவம் பாக்க இதான் நேரமா? வெட்டுலா!"

மரம் விழுந்தது. பொந்து பிளந்து பேடு புல்லில் உருண்டது. அடைகாப்பில் சிறகு உதிர்ந்திருந்ததால் அதனால் எழும்பக்கூட முடியவில்லை. குஞ்சு நசுங்கிக் கிடந்தது. சில்வெஸ்டர் பேட்டைச் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனான். மனைவி லில்லியன் பப்பாளியைப் பிசைந்து ஊட்டிப் பார்த்தாள். அது வாய் திறக்கவில்லை, மறுநாள் செத்துப்போனது. சேவல் மட்டும் அந்த வெட்டவெளியில் பழத்தோடு சுற்றிச் சுற்றி வந்தது. ஆட்கள் யாரும் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சொன்னான்.

"மேலிடத்து உத்தரவுதானே, அதில் உன் பாவம் எங்கே?" என்றார் சாமியார்.

"ஒரு மரத்த விடச்சொல்லிக் கேட்டேன், விட்டாங்க சாமி. இதுக்கு நான் கேக்கவே இல்ல."

சில மாதம் கழித்து ஆற்றோரத்திலும் வெட்டு வந்தது. இம்முறை துரை கேட்குமுன்பே சில்வெஸ்டர் முன்னால் போய் நின்று, "கொக்கு கூடு கட்டியிருக்கு தொரை. இந்த ரெண்டு மரத்த விட்டுடலாங்களா?" என்றான்.

"சரி, விடு" என்று துரை மேலே நடந்துவிட்டார்.

அவ்வளவுதான். இதற்காகவா அன்று அப்படிப் பயந்தோம்? சில்வெஸ்டருக்கு உடம்பெல்லாம் கூசியது. பக்கத்தில் நின்ற அர்ஜுனனின் முகத்தைப் பார்க்காமலே, "அடுத்த மரத்துக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தான்.