ரூட் போட்ட போன்

எங்கள் அத்தையின் போன் ஐந்து வாரத்தில் ஐந்து தடவை செத்துப் பிழைத்தது. ஒவ்வொரு தடவையும் சனிக்கிழமைதான் சாகும். நான்கு தடவை ஞாயிற்றுக்கிழமை மாமா வந்து உயிர் கொடுத்தார். ஐந்தாவது தடவை உயிர் கொடுத்தது நான். அப்போது எனக்குப் பத்து வயது. இன்றுவரை எங்கள் வீட்டில் அந்தப் பெருமையை யாரும் எனக்கு முழுசாகக் கொடுத்ததில்லை.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டில் எங்களோடுதான் இருந்தார். தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்வார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பதுளை டவுனில் ஒரு போன் கடையில் பழுது பார்க்கிறவர். மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார், பேசினாலும் போனைப் பார்த்துக்கொண்டே பேசுவார். மனைவியின் தம்பி என்ற உரிமையில் அப்பா அவரை 'மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுவார். அதில் கொஞ்சம் கிண்டலும் இருக்கும்.

அத்தை அந்தப் போனை வாங்கியபோது அதற்குத் தமிழ் தெரியாது. வெளிநாட்டிலிருந்து வந்து, இரண்டு கை மாறி அத்தையிடம் சேர்ந்த போன். தமிழில் யார் என்ன எழுதி அனுப்பினாலும் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள் மட்டும்தான் தெரியும். தீபாவளி வாழ்த்து பதினான்கு பெட்டி. நாளைக்குக் காம்பராவுக்கு நர்ஸம்மா வருகிறார் என்ற செய்தி முப்பது பெட்டி. அத்தை பெட்டிகளை எண்ணிப் பார்த்து, பெரிய விஷயமா சின்ன விஷயமா என்று முடிவு செய்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்க வந்த மாமாவிடம் அம்மா போனைக் கொடுத்தார். மாமா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செஞ்சவன் இதப் பூட்டி வச்சிருக்கான். ரூட் பண்ணிட்டு வேற சிஸ்டம் போட்டா தமிழ் வந்துரும்" என்றார்.

"எந்த ரூட்டு மாப்புள? பசறை ரூட்டா, பண்டாரவளை ரூட்டா?" என்று கேட்டார் அப்பா.

எங்களுக்குத் தெரிந்த ரூட் எல்லாம் பஸ் போகும் ரூட்தான். மாமா பொறுமையாக விளக்கினார். போன் ஒரு வீடு மாதிரி. வாங்கினவர்களுக்கு முன்வாசல் சாவி மட்டும்தான் தருவார்கள். ரூட் பண்ணினால் எல்லா அறைச் சாவியும் நம் கைக்கு வந்துவிடும். பிறகு உள்ளே இருக்கிற சிஸ்டத்தைத் தூக்கிவிட்டு, முகம் தெரியாத ஆட்கள் எங்கிருந்தோ எழுதி இனாமாகக் கொடுக்கும் இன்னொன்றைப் போட்டுக்கொள்ளலாம். அதற்குத் தமிழும் தெரியும். "ஆனா சாவி கையில இருந்தா எதையும் அழிச்சிரவும் முடியும். அதனால கண்டதையும் அமுக்கிறாதீங்க" என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார். சொல்லும்போது மட்டும் போனைப் பார்க்கவில்லை. அத்தை, "சரிங்க" என்று குழந்தை மாதிரித் தலையாட்டினார்.

அன்றைக்கு முழுவதும் வேலை நடந்தது. மூன்று பொத்தான்களை ஒன்றாக அமுக்கிப் பிடித்தால் கறுப்புத் திரையில் ஒரு பட்டியல் வரும். மாமா தனக்குத்தானே, "மொதல்ல தொடைக்கணும்" என்று முணுமுணுத்தார். அம்மா ஓடிப் போய்ச் சுத்தமான துணி ஒன்று கொண்டுவந்து நீட்டினார். மாமா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, வந்திருந்த செய்திகளை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, உள்ளே இருந்ததை விரலால் துடைத்தார். சாயங்காலம் போன் தமிழ் பேசியது. அத்தை ஏழு மாதத்துக்கு முந்திய தீபாவளி வாழ்த்தைச் சத்தமாக வாசித்தார். எல்லோரும் கை தட்டினோம். ஏதாவது ஆகிவிட்டால் திருப்பி எடுக்கலாம் என்று, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து மெமரி கார்டில் வைத்துவிட்டு மாமா கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.

அடுத்த சனிக்கிழமை போன் நின்றுவிட்டது. திரையில் அடையாளச் சின்னம் வரும், மினுங்கும், அங்கேயே நிற்கும். அத்தை அப்பாவின் பழைய பட்டன் போனில் மாமாவைக் கூப்பிட்டு, "போன் நின்னுருச்சுங்க" என்று சோகமாகச் சொன்னார். மறுநாள் மாமா வந்தார். நகலிலிருந்து எல்லாவற்றையும் திருப்பிப் போட்டார். போன் எழுந்தது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் படுத்தது.

மாமா பற்றரியைச் சந்தேகித்தார், வேறு பற்றரி போட்டார். சார்ஜரைச் சந்தேகித்தார். எங்கள் லயத்துக் கரண்டைச் சந்தேகித்தார். மூன்றாவது ஞாயிறு போனைக் கையோடு பதுளைக்குக் கொண்டுபோய், மூன்று நாள் கடையில் ஓடவிட்டுப் பார்த்து, புதன்கிழமை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். பதுளையில் ஒரு குறையும் இல்லாமல் ஓடிய போன், எங்கள் வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் சாய்ந்தது.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்ப்பவர். ஒரு தடவை கழற்றிய ஆணியை அதே பழுதுக்காக இன்னொரு தடவை கழற்றுகிறவன் அவருடைய கணக்கில் வேலைக்காரனே இல்லை. மாமா ஒவ்வொரு ஞாயிறும் அந்தக் கணக்கில் ஒரு படி இறங்கிக்கொண்டிருந்தார்.

"என்னா வருத்தமாம் இந்த வாட்டி, காச்சலா?"

"சாஃப்ட்வேர் மச்சான்."

"போன வாரமும் அதத்தானே சொன்னே."

நான்காவது ஞாயிறு மாமா ஒரு புதிய முடிவோடு வந்தார். பதுளையில் ஓடுகிறது, இங்கே நிற்கிறது என்றால் காரணம் குளிர்தான். நமுனுகுல மலைப் பனி போனுக்குள் இறங்குகிறது. அவர் இதைச் சொன்னபோது அத்தை சடாரென்று திரும்பி அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. போனுக்காக அழுகிறார் என்று நினைத்து எனக்குப் பாவமாகிவிட்டது. அந்தப் பாசத்தில்தான் என் கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் கொடுத்தேன். அந்த வாரம் முழுவதும் போன் குல்லா போட்டுக்கொண்டு தூங்கியது. எனக்குத்தான் சளி பிடித்தது.

எனக்கு மாமா மேல் வேறு ஒரு கோபமும் இருந்தது. அந்தப் போனில் ஒரு விளையாட்டில் நான் ஒரு கோழிப்பண்ணை நடத்திவந்தேன், மாமா நகல் எடுத்த அன்றைக்குத்தான் தொடங்கியது. வாரம் முழுவதும் அத்தையிடம் கெஞ்சி வாங்கி, நாற்பது கோழி வரை வளர்த்துவிடுவேன். மாமா நகலிலிருந்து திருப்பிப் போட்டதும் பண்ணை முதல் நாளுக்குப் போய்விடும். மூன்று கோழி. நாலு வாரமும் அதே மூன்று கோழி. அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவின் முழங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் எதை அமுக்குகிறார் என்று கண் கொட்டாமல் பார்த்தேன். கொலை செய்கிறவரைக் கண்காணிக்கிற மாதிரிதான்.

இதற்கிடையில் வெலிமடையிலிருந்து அத்தைக்கு ஒரு சம்பந்தம் வந்தது. உருளைக்கிழங்கும் லீக்ஸும் ஏற்றுகிற குடும்பம், சொந்தமாக லொறி. அப்பாவுக்கு லொறியைவிடப் பிடித்தது இன்னொன்று. வழியில் லொறி நின்றால் அந்தப் பையன் தானே இறங்கிச் சரி பண்ணிவிடுவானாம்.

"என் தம்பிக்கு என்னங்க கொறச்சல்? மொற உள்ள பய, ஒங்க தங்கச்சியும் நம்ம கண்ணு முன்னாடியே இருப்பா" என்று அம்மா ஒரு நாள் சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஒரு போனை நாலு வாரமா சரி பண்ணத் தெரியாதவன், ஒரு குடும்பத்த எப்புடி ஓட்டுவான்? வெலிமடை ஆளுகள வர்ற ஞாயிறு விட்டு அடுத்த ஞாயிறு வரச் சொல்லிட்டேன்" என்றார் அப்பா. அத்தை எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் சோறு அப்படியே இருந்தது. அப்பா சொன்னது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஐந்தாவது சனிக்கிழமை. காம்பரா அரை நாள்தான். நான் வீட்டுக்குப் பின்னால் பீக்கங்காய்ப் பந்தலடியில் இருந்தபோது, அத்தை போனை எடுத்துக்கொண்டு வந்து தனியாக நின்றார். மூன்று பொத்தான்களையும் ஒன்றாக அமுக்கினார். மாமாகூட முதல் தடவையில் பிடிக்கத் தவறுவார், அத்தை தவறவில்லை. விரல் கடகடவென்று போயிற்று. 'சிஸ்டம்' என்று இருந்ததில் மட்டும் டிக் போட்டு, ஒரு இழு இழுத்தார். பிறகு திரையில் அந்தச் சின்னம் வந்து நின்றதும், போனை மார்போடு வைத்துக்கொண்டு உள்ளே போனார். பாவம், யாரும் உதவிக்கு இல்லாமல் தானே சரி பண்ணப் பார்த்திருக்கிறார், முடியவில்லை என்று எனக்கு மனது உருகிவிட்டது.

அத்தை தண்ணீர்ப் பீலிக்குத் துணி துவைக்கப் போன நேரத்தில் நான் போனை எடுத்தேன். என் விரலுக்கு மூன்று பொத்தான் எட்டவில்லை, ஒன்றைத் தாடையால் அமுக்கினேன். பட்டியல் வந்தது. நகல் இருக்கும் இடத்துக்குப் போனேன். மாமா எல்லா டிக்கையும் போடுவார். 'டேட்டா' என்பதில்தான் என் கோழிகள் இருக்கின்றன என்று அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அந்த ஒரு டிக்கை எடுத்துவிட்டு மற்றதை ஓடவிட்டேன். போன் எழுந்தது. நாற்பத்தொரு கோழியும் உயிரோடு இருந்தன.

நான் போட்ட கூச்சலில் அப்பா ஓடிவந்தார். என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். அந்தப் போனிலேயே மாமாவைக் கூப்பிட்டு, "மாப்புள, நாளைக்கு வர வேணாம். நீ அஞ்சு வாரமா பண்ணாதத எம் புள்ள பத்து நிமிசத்துல பண்ணிருச்சு" என்றார். துணி வாளியோடு வந்து நின்ற அத்தை, எழுந்து நிற்கிற போனை, காலில் ஏறிய அட்டையைப் பார்ப்பது போலப் பார்த்தார். "யாரு பண்ணச் சொன்னா ஒன்னைய?" என்று என்னிடம் கேட்டார். கண் நிறைந்துவிட்டது. அத்தையிடமிருந்து எனக்கு வந்த பாராட்டு அது.

வர வேண்டாம் என்று சொல்லியும் மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே மாமா வந்து இறங்கினார். முகம் தூங்காத முகம். அப்பாவுக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் நேராக என்னிடம் வந்து, "எப்புடிம்மா பண்ணுனே?" என்று கேட்டார். சொன்னேன். "அதத்தானே நானும் ஒவ்வொரு வாரமும் பண்ணுனேன். அப்பறம் ஏன் திரும்பத் திரும்ப நிக்குது?" என்றார். அவர் குரல் உடைந்தது. "எனக்கு வேலை தெரியலன்னு கடையிலயே எனக்குச் சந்தேகம் வந்துருச்சு."

அவர் அத்தையைத்தான் சந்தேகப்படுகிறாரோ என்று எனக்குப் பட்டது. அத்தைக்காகப் பேச அந்த வீட்டில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

"அத்தை ஒன்னும் தப்பா அமுக்கல மாமா. நான் பாத்தேன். நீங்க அமுக்குற மாதிரியேதான் மூணையும் அமுக்குனாங்க. தொடைக்கிற எடத்துக்குப் போயி, சிஸ்டத்துல மட்டும் டிக் போட்டாங்க. வேற எதையும் தொடவே இல்ல" என்றேன்.

அப்பா மெதுவாகக் கேட்டார். "அதுல டிக் போட்டா என்னா ஆகும்?"

"சிஸ்டமே அழிஞ்சுரும் மச்சான்" என்றார் மாமா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் முகம் மாறத் தொடங்கியது.

"அப்ப நீ வாரா வாரம் சரியாத்தான் பண்ணிட்டுப் போயிருக்கே?"

"ஆமாங்க."

அப்பா தங்கையைப் பார்த்தார். அத்தை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி, ஆனால் தெளிவாகச் சொன்னார். "வேற எதச் சொல்லி இவர வரச் சொல்றது?"

அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் நிற்கவில்லை, சிரிப்பு பீறிட்டு அடித்தது. "இவன் போனுக்கு ரூட் போட்டான்னு பாத்தா, இவ நம்ம வீட்டுக்குல்ல ரூட் போட்டிருக்கா!" என்றார். அப்பா சிரிக்காமல் இருக்க என்னென்னவோ செய்து பார்த்தார். ஒரு பழுதும் இல்லாத இயந்திரத்தை ஐந்து வாரம் விடாமல் பழுது பார்த்தவன் என்ற எண்ணம் அவருக்கு உள்ளே கிச்சுக்கிச்சு மூட்டியிருக்க வேண்டும். "மாப்புள..." என்று ஆரம்பித்தவர், அந்தச் சொல்லைக் கிண்டல் இல்லாமல் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் திரும்பி, "வெலிமடை ஆளுகளுக்கு என்னாத்தச் சொல்றது?" என்றார்.

"ரூட்டு மாறிருச்சுன்னு சொல்லுங்க."

அதன் பிறகு வீட்டில் ஒரே கூத்து. பக்கத்து வீட்டுக்கு விஷயம் போய், அங்கிருந்து லயம் முழுவதும் போயிற்று. அம்மா இஞ்சி தட்டித் தேத்தண்ணி போட்டார். அப்பா மாமாவின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார், மாமா இருமினார். எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பழுதைக் கண்டுபிடித்துச் சரி பண்ணியது நான். அத்தையின் மேல் பழி விழாமல் காப்பாற்றியதும் நான். கூட்டத்தில் என் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை.

ஒன்று மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. அத்தை கையில் அந்தப் போன் இனி இருந்தால் என் கோழிகள் பிழைக்காது. ஆரவாரத்தில் யாரும் பார்க்காதபோது போனின் முதுகைத் திறந்து பற்றரியைக் கழற்றி, என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

சாயங்காலம், "இன்னொரு வாட்டி நல்லா சோதிச்சிரலாம்" என்று சொல்லி, மாமாவும் அத்தையும் வாசற்படியில் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரமும் குனிந்து குனிந்து பார்த்தார்கள், திரையைத் தடவினார்கள், சிரித்தார்கள். நான் மூன்று தடவை பக்கத்தில் போய் நின்றேன். "எப்புடி மாமா இருக்கு?" என்று கேட்டேன். "அருமையா ஓடுதும்மா" என்றார் மாமா, தலையைத் தூக்காமலே.

பற்றரி என் பைக்குள் இருந்தது. உள்ளே பற்றரி இல்லை என்பதைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத ஒருவருக்குப் போயும் போயும் எங்கள் அத்தையைக் கொடுக்கிறாரே என்று, எனக்கு அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது.