சத்தமில்லாத வண்டியும் நாச்சிமுத்து அண்ணனின் பயமும்

இந்த ஊரில் யாருக்கு என்ன ஆனாலும் முதலில் ஊர்முழுக்கச் சொல்லிவைக்கிறவன் நான். நாச்சிமுத்து அண்ணன் மாரடைப்பில் போன சேதி மட்டும் எனக்குக் கடைசியாக வந்தது. போன் செய்த அவர் மகள் கவிதா, "உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா ஊரே வந்து நின்னிருக்கும். அம்மா அழுவறதுக்குக்கூட நேரம் கெடச்சிருக்காதுங்க சித்தப்பா" என்றாள். நியாயந்தான். போனை வைத்ததும் எனக்கு அழுகை வரவில்லை, பயம் வந்தது. நம் எல்லாருக்காகவும் பயந்துகொண்டிருந்த ஆள் போய்விட்டாரே, இனி அந்த வேலையை யார் பார்ப்பது?

பனியன் கம்பெனி முதலாளியான அண்ணன் எதற்கு வண்டி செய்யக் கிளம்பினார் என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். மண்ணரையிலிருந்து வேலைக்கு வரும் பெண்கள் ஷேர் ஆட்டோவில் தொங்கிக்கொண்டு வருவதை அவரால் பார்க்க முடியவில்லை. பத்துப் பேர் உட்கார்ந்து போக, புகையில்லாமல், பேட்டரியில் ஓடுகிற வண்டி. பார்க்கக் கண்ணாடி முட்டை மாதிரி. "இன்னும் இருவது வருசத்துல டவுன் பூரா இதுதானுங்க ஓடும்" என்பார். "சாம்பிள் போடாம எதையும் வெட்டக் கூடாது" என்பதும் அவர் வார்த்தைதான். அதனால் மூங்கில் கட்டி, அதன்மேல் வேஸ்ட் துணியைத் தைத்து, முழு அளவில் ஒரு வண்டியை முதலில் துணியிலேயே நிறுத்தினார். தையல் பெண்களை உட்காரவைத்து, முழங்கை இடிக்கும் இடத்திலெல்லாம் சாக்பீஸால் குறித்தார். நான் உட்கார்ந்ததும் சீட்டுத் துணி டர்ரென்று கிழிந்தது. "உங்களைக் கூப்பிட்டதே அதுக்குத்தானுங்க" என்றார். சீட்டு அகலமானது. நான் அறிவியலுக்குச் செய்த ஒரே தொண்டு அது.

இரும்பில் செய்த வண்டி ஒரு நாள் கம்பெனி வாசலுக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரம். வண்டி நிழலில், அதன் முன்னால், பெண்கள் சிலர் உட்கார்ந்திருந்தார்கள். அதைக் கவனிக்காமல் அண்ணன் ஏறினார், பக்கத்தில் நான். சாவியைத் திருப்பினார். சத்தமே இல்லை. "கெளம்பலையாட்டம் இருக்குதுங்களே" என்று பெடலை லேசாக மிதித்தார். வண்டி பாய்ந்தது.

மற்றவர்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். தையல் பெண் செல்வி மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மடியில் டிபன் பாக்ஸோடு இருந்தாள். அண்ணன் பிரேக்கில் ஏறியே நின்றுவிட்டார். வண்டி நின்றபோது அவள் சடை அதன் முகப்பில் பட்டுக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு வாய் சோறு எடுத்துக்கொண்டே, "ஏனுங்கக்கா, எதுக்கு இப்படிக் கத்தறீங்க?" என்றாள்.

அண்ணனால் இறங்க முடியவில்லை. நான்தான் அவர் காலைப் பிடித்துத் தரையில் வைத்தேன். என் காலை யார் வைத்தார்கள் என்று நினைவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை திறப்பு விழா. கூட்டாளி குழந்தைவேல் பந்தலுக்குச் சொல்லிவிட்டிருந்தார். விழாவைத் தள்ளிவைக்கலாம் என்றார் அண்ணன்.

"ஒரு ஹாரனை வெச்சா முடிஞ்சுதுங்க. இதுக்குப் போயி பயந்துக்கிட்டு!" என்றார் குழந்தைவேல்.

"ஹாரன் நான் அடிச்சாத்தானுங்க அடிக்கும். என் கண்ணுல படாதவங்களுக்கு யாருங்க அடிக்கறது?"

"இப்படிப் பயந்தா எப்படீங்க தொழில் பண்றது?"

"அப்ப பண்ண வேண்டாமுங்க."

பந்தல் பிரிந்தது, கூட்டாளியும் பிரிந்தார். அண்ணன் மறுபடி துணி வண்டிக்கே போனார். வெளியே நிற்கும் ஒருவர் சுற்றிவந்து, குனிந்து அடியிலும் பார்த்து, பின்னால் இருக்கும் பொத்தானை அழுத்தினால்தான் சக்கரத்துக்குக் கரண்ட் போகும்படி மாற்றினார். 'மாமியாரிடம் கேட்டுக்கொண்டு வாசல் தாண்டும் மருமகள் வண்டி' என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லித் திரிந்தேன். அவர் காதுக்கும் போனது. "நல்லாச் சொல்லுங்க. சிரிக்கறவங்களுக்காவது இப்படியொரு வண்டி வருதுன்னு தெரியுமில்லீங்க" என்றார்.

அவர் சொன்னபடி டவுன் பூரா அந்த வண்டி ஓடவேயில்லை. மண்ணரைக்கும் கம்பெனிக்கும் இடையில் ஓடியதோடு சரி. ஆனால் ஒருவர் மேலும் உரசாமல் ஓடியது.

போன மாதம் என் மகள் பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினாள். சாவியைத் திருப்பினால் மூச்சுக்கூட விடுவதில்லை. கைப்பிடியைத் தொட்டதும் எனக்குக் கை நடுங்குகிறது. சர்க்கரை பார்க்கச் சொல்கிறாள் மனைவி. நான் போகவில்லை. மாத்திரை கொடுத்து நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த நடுக்கம் ஒன்றுதான்.