சுவரைப் பற்றி நாங்கள் வக்கீலிடம் சொல்லவில்லை

சனத்நகர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமனார் தார்நாகாவில் வாங்கியது பின்மனை. தெருவுக்குப் போக ஒரே பாதைதான். அதன் பாதியை வளைத்து முன்வீட்டுக்காரர் சுவர் கட்டப் பள்ளம் தோண்டியதும், தடுக்கச் சொல்லி மாமனார் வழக்குப் போட்டார். இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. வாய்தா மேல் வாய்தாவாகப் போனது. அதற்குள் மார்பளவுச் சுவர் எழும்பிவிட்டது.

"வக்கீல்கிட்ட சொல்லணுமே," என்றேன்.

"கேஸ்தான் கோர்ட்ல இருக்கே. அவரைச் சும்மா தொந்தரவு பண்றது நக்கோ, வேணாம்," என்றார் கணவர். நானும் விட்டுவிட்டேன்.

சில மாதங்களில் மாமனார் இறந்துபோனார். சவப்பெட்டியைத் தூக்குபவர்கள் இருபுறமும் நிற்க அந்தப் பாதையில் இடமில்லை. பெட்டியைச் சுவர்மேல் ஏற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். துக்கத்துக்கு வந்த வக்கீல் திகைத்து நின்றுவிட்டார்.

"இது எப்பம்மா கட்டினாங்க?"

"மழைக்கு முன்னாடியே சார்."

"கட்டக் கூடாதுன்னுதானே கேட்டிருக்கோம்? இடிக்கணும்னு கேக்கலையே! ஜெயிச்சாலும் சுவர் நிக்குமேம்மா."



நல்லவேளை, விசாரணை தொடங்கியிருக்கவில்லை; அதனால் வழக்கைத் திருத்த இன்னும் வழி இருந்தது. மாமனார் இடத்தில் என் கணவரைச் சேர்த்து, சுவரை இடிக்கும் கோரிக்கையோடு பிராதைத் திருத்த வக்கீல் மனுப் போட்டார். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தும் நீதிபதி அனுமதித்தார். கடைசியில் தீர்ப்பின்படி சுவர் இடிக்கப்பட்டது.

இப்போது யார் வீட்டில் வழக்கு என்றாலும், "கேஸ் போட்டப்புறம் நடந்ததை வக்கீல்கிட்ட சொன்னீங்களா?" என்றுதான் முதலில் கேட்கிறேன். எங்கள் வக்கீலுக்கு மாமனாரின் சவப்பெட்டி அல்லவா சொல்ல வேண்டியிருந்தது!