வைப்பர் நின்ற மழையில் பூதப்பாண்டிக்கு

வள்ளியூரில் முகூர்த்தம் முடிந்து நாங்கள் காரில் ஏறியபோது பிற்பகல் மூன்றரை மணி. 1953, ஆனி மாதம். அந்த வாரத்தில் அது நாலாவது கல்யாணம். சுடலைமுத்து அண்ணாவி நாதஸ்வரம், நான் தவில். அன்று மாலை ஆறு மணிக்குப் பூதப்பாண்டியில் மாப்பிள்ளை அழைப்பு. ஒத்துக்காரரும் தாளக்காரரும் சாப்பிட்ட கையோடு பஸ் பிடித்து முன்னால் போய்விட்டார்கள். எங்கள் இருவருக்கும் பூதப்பாண்டிப் பெண்வீட்டார் நாகர்கோவிலிலிருந்து ஒரு வாடகைக் காரை அனுப்பியிருந்தார்கள். பழைய அமெரிக்க வண்டி. ஓட்டியவர் பெயர் தாசையன்.

இருபத்துச் சொச்சம் மைல்தான். தூங்கிக்கொண்டே போய்விடலாம் என்று நினைத்தேன். நான் முன்னால், தாசையன் பக்கத்தில். அண்ணாவி பின் இருக்கையில் நாதஸ்வரப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பணகுடி வரை புழுதி. காவல்கிணறு தாண்டியதும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளியது. மலைகள் நெருங்கி வந்த இடத்தில் மழை ஆரம்பித்தது. எங்கள் பக்கத்தில் ஆனியில் ஆடுமாடு குடிக்கவே தண்ணீர் இருக்காது. இங்கே மலை இடைவெளியில் நுழைந்ததும் வானம் கறுத்துக் கிடந்தது.

தாசையன் வைப்பரைப் போட்டார். நாலு தரம் ஆடிவிட்டு நின்றது. எஞ்சினும் இருமத் தொடங்கியது. முன்னால் எங்கோ 'உஸ்' என்று ஒரு சத்தம். அவர் ஓரமாக நிறுத்தி, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கி எஞ்சின் மூடியைத் திறந்தார்.

"ரப்பர் டியூப்பு கீறிப்போச்சு அண்ணாச்சி," என்றார் நனைந்தபடி. "எஞ்சின் காத்த உறிஞ்சும்லா, அந்த இழுப்புலயாக்கும் வைப்பர் ஆடுது. கீறல் வழியா வெளிக்காத்து உள்ள போவுது."

"இனி என்ன செய்ய?"

"எஞ்சின் பக்கம் ஒரு கட்டைய வச்சு அடைக்கேன். வண்டி ஓடும். வைப்பர நீங்கதான் கையால ஆட்டணும்."

கண்ணாடிக்கு மேலே, உட்புறம், சின்னப் பிடி ஒன்று இருந்தது. அதை இடமும் வலமுமாகத் திருப்பினால் வெளியே துடைப்பான் ஆடும். எனக்கு வலது கைதான் வாகாக எட்டியது. தவில்காரனுக்கு வலது கை எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. காலையில் வாசித்த வலியே மணிக்கட்டில் இன்னும் இறங்கவில்லை. தவில் வாசிக்க விரல்களில் மாட்டும் கூடுகளைக் கழற்றிய இடம் சிவந்திருந்தது. ஆனால் நான் நிறுத்தினால் சாலை மறைந்துவிடும். கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டே வந்தேன்.

அன்றைய மாநில எல்லையான ஆரல்வாய்மொழிச் சோதனைச் சாவடியில் அரிசி கடத்துகிறோமா என்று பார்த்தார்கள். சேவகர் தவிலின் உறையை அவிழ்த்துத் தட்டிப் பார்த்தார். "உள்ள ஒண்ணும் இல்லியே?" என்றார். "காத்துதான்," என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அங்கே ஒரு சைக்கிள் கடையில் பழைய டியூப்பை நறுக்கி, கீறிய இடத்துக்குப் பதிலாக வைத்து, நூலால் இறுக்கினார் தாசையன். அரை மைல்கூடப் போகவில்லை, வைப்பர் மறுபடி நின்றது. இறங்கிப் பார்த்தோம். சைக்கிள் ரப்பர் மெத்தென்றது. எஞ்சின் உறிஞ்சியதும் சப்பையாகி ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஊதுனா தாங்கும். இழுத்தா தாங்காது," என்றார் அவர் வெறுப்போடு. "உள்ள கெட்டியா ஒரு குழல் இருந்தாப் போதும்."

மறுபடி கட்டை, மறுபடி என் கை. தோவாளை வருவதற்குள் தோள்பட்டை மரத்துவிட்டது. பூக்காரர்கள் கூடைகளை ஓலையால் மூடிக்கொண்டு சாலையோரச் சாவடியில் ஒதுங்கி நின்றார்கள். பின்னாலிருந்து அண்ணாவியின் குரல் வந்தது.

"வண்டிய நிறுத்தும்யா."

அவர் தூங்கவில்லை போலிருக்கிறது. பெட்டியைத் திறந்து, வெள்ளைத் துணி முடிச்சிலிருந்து ஒரு கெண்டையை எடுத்தார். நாதஸ்வரத்தின் உச்சியில் நாணல் சீவாளியைப் பொருத்தும் சிறிய உலோகக் குழல் அது. சுருதி ஒத்துவரும் கெண்டை அவரிடம் இரண்டே இரண்டு. ஒன்று நாதஸ்வரத்தில் இருந்தது.

"அண்ணாவி, அது மாத்துக் கெண்டைல்லா," என்றேன். "அங்க போயி இருக்கறது கெட்டுப்போச்சுன்னா?"

"கெட்டுப்போனா அப்பப் பாப்போம். நீ கைய எறக்கு."

தாசையன் கீறிய பாகத்தை வெட்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய இரண்டு முனைகளையும் கெண்டையின் இரு பக்கமும் செருகி, மேலே நூலைச் சுற்றினார். எஞ்சினைக் கிளப்பினார். வைப்பர் எழுந்து ஆடியது, நிற்கவில்லை. தாழக்குடி வழியாக வயல்களுக்கு நடுவே போனோம். இருபுறமும் தண்ணீர், நடுவில் சாலை. என் கை மடியில் கிடந்து தானாக நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அதைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

பூதப்பாண்டிக் கோயில் முன்னால் மாப்பிள்ளை வீட்டார் குடை பிடித்துக் காத்திருந்தார்கள். மணி ஏழாகப் போகிறது. பெண்ணின் தகப்பனார் ஓடிவந்தார். முகத்தில் கோபம் இருந்தது. எங்கள் கோலத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டார். "ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு ஆரம்பிங்க," என்றார்.

கூடுகளை மாட்டித் தவிலைத் தோளில் போட்டேன். ஒரு சொல் தட்டிப் பார்த்தேன். விரல் விழவேண்டிய இடத்தில் விழவில்லை. ஊர்வலத்தில் எல்லோரும் தவிலைத்தான் முதலில் எதிர்பார்ப்பார்கள்.

அண்ணாவி என் பக்கம் குனிந்தார். "நான் பாக்கறப்ப வாசி. அதுவரைக்கும் சும்மா இரு."

கல்யாணி ராகத்தில் ஆலாபனையை எடுத்தார்; அதற்குத் தாளமும் தவிலும் தேவையில்லை. சாதாரணமாக ஊர்வலத்தில் கால்மணி நேரம் ஆலாபனை செய்தாலே அதிகம். அவர் நிறுத்தவில்லை. முதல் தெரு முடிந்தது, திரும்பினோம், தேரடியில் நின்றோம், அப்போதும் கல்யாணிதான். மழை தூறலாகிவிட்டது. குடைகளை மடக்கிக்கொண்டு ஜனங்கள் நெருங்கி வந்தார்கள். தவில் எங்கே என்று ஒருவரும் கேட்கவில்லை. பெண்வீட்டு வாசல் தெரிந்தபோதுதான் அவர் என்னைப் பார்த்தார். அதற்குள் நடுக்கம் நின்றிருந்தது. வாசித்தேன்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து தாசையனின் வண்டியிலேயே திரும்பினோம். ஆரல்வாய்மொழியைத் தாண்டியதும் மழை நின்றது. காவல்கிணற்றில் சாலை உலர்ந்து வெளுத்துக் கிடந்தது. மலைக்கு அந்தப் பக்கம் பார்த்ததெல்லாம் வேறு யாருக்கோ நடந்தது போலத் தோன்றியது.

"நேத்து என்னத்துக்கு அண்ணாவி அவ்வளவு நேரம்?" என்று கேட்டேன்.

"மூச்சு இருந்தது, வாசிச்சேன்," என்று சொல்லி அவர் கண்ணை மூடிக்கொண்டார். கீழுதடு வீங்கி, நடுவில் பிளந்து, ரத்தம் காய்ந்திருந்தது.