அப்பா நிரப்பிய படிவம்

முதன்முதலாக வெளிநாட்டுக்குப் போய்ச் செய்திப்படம் எடுக்கும் வாய்ப்பு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. பெங்களூரில் ஓர் இணைய இதழில் புகைப்படக்காரியாக இருந்தேன். ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருவேன். வங்கதேசத்தின் தென்கோடியில் இருக்கும் அகதி முகாம்களுக்கு, மூத்த செய்தியாளர் ஒருவரோடு பத்து நாள் பயணம். வீட்டில் சொன்னதும் அம்மா, "அங்கிட்டு குளிருமா?" என்று கேட்டாள். அப்பா ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா விருதுநகர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து, வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தவர். நானும் டிப்ளமோ முடித்து அப்படி ஒரு கம்பெனிக்கு ஒரு வருடம் போனேன். பிறகு வேலையை விட்டுவிட்டுக் கேமராவைத் தூக்கினேன். அதிலிருந்து எங்களுக்குள் பேச்சு குறைந்துவிட்டது. சண்டையெல்லாம் இல்லை. "சாப்பிட்டியா", "பஸ் கிடைச்சுதா" என்பதோடு நின்றுவிடும்.

கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது பயணத்தில் என்னென்ன ஆபத்து வரலாம் என்று எழுதிக் கொடுக்க அலுவலகத்தில் ஆறு பக்கத்துக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை அதைப் பாதி நிரப்பி மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால், அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"ரிஸ்க் அசெஸ்மென்ட்டுன்னு போட்டிருக்கு. இது எங்க சேஃப்டி கமிட்டில நான் மாசாமாசம் எழுதுறதுதானே?"

"அந்த மாதிரிதான்ப்பா."

"நீ சும்மா 'இல்லை, இல்லை'ன்னு எழுதி வச்சிருக்க. இப்படி எழுதிக் குடுத்தா எங்க மேனேஜர் மூஞ்சில வீசிருவாரு." அடுத்த பக்கத்தைத் திருப்பினார். "அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர். இது யாரோடது?"

என்னோடு வேலை பார்க்கும் தோழியின் எண். வீட்டில் பயப்படுவீர்கள் என்று எழுதினேன் என்றேன். அவர் பேனாவை எடுத்து, அந்த எண்ணுக்குக் கீழே தன் எண்ணை எழுதினார். தொழிற்சாலைக் குறிப்பேட்டில் எழுதுவதுபோல ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாக, அழுத்தி எழுதினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

பிறகு கேட்க ஆரம்பித்தார். வண்டி யார் ஓட்டுவது? ராத்திரி எங்கே தங்குவது? பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்? பாதிக்கு மேல் எனக்குப் பதில் தெரியவில்லை.

"முகாமுக்குள்ள போக கேட் பாஸ் யாரு தர்றா?"

"அதெல்லாம் கூட வர்ற ரிப்போர்ட்டர் பார்த்துக்குவார்ப்பா."

"பாத்துக்குவாருன்னா, வாங்கிட்டாரா?"

அப்போதே செய்தியாளருக்குப் போன் செய்தேன். முகாமுக்குள் போகும் அனுமதிக்கு, வங்கதேசத்தில் எங்களுக்கு ஏற்பாடு செய்துதரும் உதவியாளர் விண்ணப்பித்திருப்பார் என்று இவர் நினைத்திருக்கிறார். இவர் செய்திருப்பார் என்று அவர் நினைத்திருக்கிறார். இரண்டு பேருமே செய்யவில்லை. பயணம் பதினைந்து நாள் தள்ளிப்போனது. செய்தியாளர் என்னிடம் மன்னிப்புக் கேட்டபோது, அனுமதியைப் பற்றிக் கேட்டது நானல்ல, என் அப்பா என்று சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போனை வைத்த பிறகு, படிவத்தின் கடைசிப் பக்கத்தை அப்பா பார்க்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். பார்த்துவிட்டார். அதில் கேட்டிருந்தது இதுதான்: யாராவது என்னைப் பிடித்து வைத்துக்கொண்டால், நான் உயிரோடு இருப்பதை உறுதிசெய்ய ஒரு கேள்வி வேண்டும். அதன் பதில் எனக்கும் வீட்டில் ஒருவருக்கும் மட்டுமே தெரிந்திருக்க வேண்டும். அந்தப் பத்தியை இரண்டு முறை படித்தார். சமையலறையில் அம்மா பக்கத்து வீட்டு அக்காவோடு தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"ப்ளஸ் ஒன்ல, ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்லிட்டு ஒருநாள் தேன்கனிக்கோட்டை போனேல்ல?"

யானை மிதித்த ராகிக் கொல்லையைப் படம் எடுக்க, யாரிடமோ இரவல் வாங்கிய கேமராவோடு போயிருந்தேன். அது யாருக்கும் தெரியாது என்றுதான் பத்து வருடமாக நினைத்திருந்தேன்.

"கூட வேலை பாக்குறவர் வீட்டு விசேஷத்துக்கு அன்னைக்கு நானும் அங்கதான் வந்திருந்தேன். யூனிஃபார்மோட கழுத்துல கேமராவத் தொங்கப் போட்டுட்டு பஸ் ஸ்டாண்ட்ல நின்ன. என்னமோ வாங்கித் தின்னுட்டு இருந்த. அதே பஸ்ல நாலு சீட்டு பின்னாடி உக்காந்து ஓசூர் வரைக்கும் வந்தேன்."

"ஏம்ப்பா கூப்பிடல?"

"வழி பூரா நீ அந்தப் பொட்டியையே பாத்துட்டு வந்த. அவ்வளவு சந்தோசமா உன்ன நான் பாத்ததே இல்ல. கூப்புட்டா திட்டணும்." பேனாவை என் பக்கம் நகர்த்தினார். "என்ன தின்னேன்னு ஞாபகம் இருக்கா? இருந்தா அதையே கேள்வியா எழுது."

எழுதினேன். பதிலை மட்டும் இங்கே சொல்லப் போவதில்லை.

அனுமதி வந்தது, போனேன். முதல் நாள் முழுக்க முகாமின் மூங்கில் குடிசைகளுக்கு நடுவே நடந்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பாதான் எடுத்தார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார் என்று நினைத்தேன். கொடுக்கவில்லை.

"அங்க இருக்கிற ஆளுக என்ன வேலை பாக்குறாங்க?"

"வெளிய போய் வேலை பாக்க அவங்களுக்கு அனுமதி இல்லப்பா."

நினைவு தெரிந்த நாளாக அவர் ஷிஃப்டுக்குப் போய் வருவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

"அப்ப பகலெல்லாம் என்ன பண்ணுவாங்க?"

அதைத்தான் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். விவரமாகச் சொல் என்றார். அன்று பார்த்த ஒவ்வொரு வீட்டையும் பற்றி அவருக்குச் சொல்லத் தொடங்கினேன்.