இருபதும் பதினைந்தும்

பச்சைக் கோடு போட்ட வரைபடத் தாளைப் பார்த்தால் இன்றைக்கும் என் கை தானாக அதன் மேல் மூலைக்குப் போகும். அங்கேதான் அளவுத்திட்டம் எழுத வேண்டும். எழுதினால் ஒரு மார்க். அந்தத் தாளில் வரைகிற வளைகோடு ஏன் வளைகிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அழகாக வரைவேன். பத்தாவதில் எங்கள் கணக்கு சார் எனக்குக் கொடுத்த கணக்கு அவ்வளவுதான். இப்போது பத்தாவது படிக்கிற பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது பொதுத்தேர்வில் கணக்குக் கேள்வித்தாள் நாலு பகுதி. முதலில் ஒரு மார்க் கேள்விகள் பதினைந்து. அடுத்து இரண்டு மார்க், பிறகு ஐந்து மார்க். கடைசியில் ஒரு வடிவியல், ஒரு வரைபடம், ஒவ்வொன்றுக்கும் பத்து. அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் சார் எங்களில் மார்க் குறைந்த பன்னிரண்டு பேரைப் பிரித்து சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக உட்கார வைத்தார். "இருபதும் பதினஞ்சும் முப்பத்தஞ்சு. பாஸு. நடுவுல இருக்குறது உங்களுக்கு இல்லடா, அதத் தொடாதீங்க" என்றார்.

எனக்கு அந்த நடுப்பகுதிதான் பிடிக்கும். ஒருநாள் கூட்டுத்தொடர் கணக்கு ஒன்றை நானாகவே போட்டு அவரிடம் நீட்டினேன். முழுதாகப் படித்துப் பார்த்தார். "சரியாத்தான் போட்டிருக்க. ஆனா இது உனக்கு வேணாம். போயி வரைபடத்தப் போடு" என்று நோட்டை மூடிக் கொடுத்தார். அக்கறையில் சொல்கிறார் என்று நம்பினேன். பரீட்சை அன்று ஐந்து மார்க் கேள்விகளில் இரண்டு எனக்குத் தெரிந்தவை. தொடவில்லை. மணி அடிக்கும்வரை பேனாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சார் சொன்ன வார்த்தை அப்படி.

சரியாக முப்பத்தைந்து வந்தது. ஒருவர்கூட ஃபெயில் இல்லை என்று எழுதிப் பள்ளிக்கூட வாசலில் துணி கட்டினார்கள். பீங்கான் சூளையில் வேலை பார்த்த என் அப்பா, வைக்கோல் சுற்றி ஒரு பீங்கான் பிள்ளையாரைக் கொண்டுபோய் சார் கையில் கொடுத்துக் கும்பிட்டார். நானும் பக்கத்தில் நின்று கும்பிட்டேன்.

அடுத்த வாரம் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கை. கணக்கு இருக்கிற ஃபர்ஸ்ட் குரூப்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் அதே சார். மார்க் பட்டியலைப் பக்கத்தில் இருந்தவர்களிடம் திருப்பிக் காட்டி, "கணக்குல முப்பத்தஞ்சு வாங்குன தொரைக்கு ஃபர்ஸ்ட் குரூப்பு வேணுமாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"நீங்கதானே சார் மத்தத தொடாதன்னு சொன்னீங்க" என்றேன்.

"பாஸ் பண்ண வெச்சதுக்கு இப்டித்தான் பேசுவியா?" என்றார். கூட வந்திருந்த அப்பா என் கையைப் பிடித்து அழுத்தினார். இடம் இல்லை என்று பட்டியல் திரும்பி வந்தது. அந்த மாதமே நானும் சூளை வேலைக்குப் போனேன்.

அவர் என்னை ஏமாற்றினார் என்று ஊரில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. பாஸ் பண்ண வைத்தவரைக் குறை சொன்னால் யார் கேட்பார்கள்?

இப்போது மார்க் கொஞ்சம் மாறியிருக்கிறது, பகுதி நாலுதான். போன மாதம் பத்தாவது படிக்கிற என் மகளையும் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். "எல்லாத்தையும் சொல்லிக் குடுங்க டீச்சர், தப்பாப் போட்டாலும் போடட்டும்" என்று கேட்டுக்கொண்டேன். ஃபெயிலாகிவிட்டால் எங்களைக் கேட்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். கையெழுத்துப் போட்டேன். மகளிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை.

சாயங்காலம் பையைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். "நான் நிம்மதியா பாஸ் பண்ணிருப்பேன். நீதான்பா என்ன மாட்டிவுட்ட" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அவள் ஃபெயிலாகலாம். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. "ஆமாம்மா, நான்தான்" என்றேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் சாரிடம் நான் எதிர்பார்த்து நின்றேன்.